லோஞ்சில் போன பை

சிவமயம்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
10.06.1963

என் அசனா,

வெள்ளிக்கிழமை காலை உன் வாப்பா வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போனபோது நான் பள்ளிக்கூடக் கேற்றடியில் நின்றேன். அவர் என்னைப் பார்த்து, “போயிட்டு வாறம் மகள்” என்றார். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அன்றைக்கிருந்து சோறு இறங்கவில்லை. அம்மா காய்ச்சலாக்கும் என்று மல்லித் தண்ணீர் அவித்து அவித்துத் தருகிறார். இந்த வருத்தத்துக்கு மல்லி கேட்காது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

நடந்ததை ஒருக்கால் ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன். என் பிழை எவ்வளவு என்று எனக்கே தெரிய வேண்டும்.

வியாழக்கிழமை நாடக ஒத்திகை. மூதூர்ப் பிள்ளைகள் மற்றவர்கள் எல்லோரும் இரண்டு மணி லோஞ்சில் கடல் தாண்டிப் போய்விட்டார்கள். நீ மட்டும் நாலரை லோஞ்சுக்கு என்று நின்றாய். நாலு மணிக்கே போகிறேன் என்றாய். நீ நடிக்கும் மந்திரி அரசனுக்கு முன்னால் பேசும் மூன்றாம் காட்சியை இன்னொருக்கால் பார்ப்போம் என்று மறித்தது நான். நாடக மன்றச் செயலாளர் அல்லவா, எனக்குக் கொம்பு முளைத்திருந்தது. உன் பையைத் தூக்கி, லோஞ்ச் கட்டுகிற ஜெட்டிக்குப் பக்கத்தில் வீடு உள்ள ஏழாம் வகுப்புப் பூரணத்திடம் கொடுத்து, லோஞ்சில் பெண்கள் பக்கம் வாசலடி வாங்கில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போ என்றேன். நம் வகுப்பில் உட்காரும் வாங்கில் பை இருந்தால் அந்த இடத்தில் யாரும் இருக்க மாட்டார்கள், பைக்காரி வருவாள் என்று விட்டுவைப்பார்கள். லோஞ்சும் அப்படித்தான் நிற்கும் என்று நினைத்தேன். நீ மேடையில் ஒட்டு மீசையோடு நின்றாய். பை போனது அப்போது உனக்குத் தெரியாது. “லோஞ்சை நிக்கச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறன், பயப்பிடாதை” என்று உன்னிடம் சொன்னேன். நாம் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது லோஞ்ச் வெளிக்கிட்டுக் கனதூரம் போய்விட்டது. அதுதான் கடைசி லோஞ்ச், அன்றிரவு நீ எங்கள் வீட்டில் படுத்தாய்.

இதுவரை உனக்குத் தெரியும். இனி எழுதுவது தெரியாது.

வெள்ளிக்கிழமை, உன் வாப்பா வருமுன் பிரின்சிப்பல் ரீச்சர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். “பையை ஆர் குடுத்து விட்டது?” என்று கேட்டார். என் வாயில் உன் பெயர் வந்துவிட்டது. அசனா என்றேன். “அப்ப இரவு இஞ்ச நிக்கிற எண்ணத்தோடைதான் பையை அனுப்பினவவோ?” என்று அடுத்த கேள்வி. நான் நிலத்தைப் பார்த்தேன். அவர் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டார். அவர் எடுத்துக்கொள்வார் என்று தெரிந்துதான் பார்த்தேன், அசனா.

நாளைக்கு அசெம்பிளி முடிந்தவுடன் உள்ளே போய் உண்மையைச் சொல்லிவிடுவேன். நீ வருகிற கிழமையே உன் இடத்தில் வந்து இருப்பாய். சாப்பிடு, படி, என்னை ஏசு.

குற்றத்தோடு,
இரத்தினேஸ்வரி

*

786

மூதூர்.
16.06.1963

அன்புள்ள இரத்தினேஸ்வரி,

உன் கடிதத்தை உம்மாதான் தபால்காரரிடம் வாங்கித் தந்தா. உன்னை ஏச எனக்கு ஆசைதான். நாலைந்து சொல் யோசித்தும் வைத்தேன். பிறகு மல்லித் தண்ணீர் என்று வாசித்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

நீ டவுன்காரி, உனக்கு எங்கள் லோஞ்ச் வழக்கம் தெரியாதது குற்றமில்லை. பெண்கள் இருக்கும் பக்கம் திரை போட்டிருக்கும். லோஞ்ச் ஓட்டும் முஹம்மது தம்பி காக்கா, எல்லோருக்கும் அண்ணன்மாதிரி, அந்தத் திரையை விலக்கிப் பார்க்க மாட்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோரும் வாசலடி வாங்கில் பையை வைத்துவிட்டு உள்ளே போவோம். அவர் பையைப் பார்ப்பார். பை ஏறினால் பிள்ளை ஏறிவிட்டது என்று கணக்கு. உன் வகுப்பில் பை இருந்தால் ஆள் இனித்தான் வரவேண்டும். எங்கள் லோஞ்சில் பை இருந்தால் ஆள் வந்தாயிற்று. என் பையைக் கண்டபடியால்தான் அவர் ஒரு நிமிடம்கூடச் சுணங்காமல் வெளிக்கிட்டார்.

இங்கே நடந்ததை நீ அறிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன், உன்னை நோகடிக்க அல்ல. வாப்பா வழமைபோல் கடையை என் தம்பியிடம் விட்டுவிட்டு ஜெட்டிக்கு வந்திருக்கிறார். பெண்கள் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். முஹம்மது தம்பி காக்கா என் பையைத் தூக்கி அவர் கையில் கொடுத்திருக்கிறார். “பை வந்திருக்கு, புள்ள எங்க?” என்று வாப்பா கேட்டாராம். யாருக்கும் தெரியவில்லை. நான் நடுவழியில் கடலில் விழுந்துவிட்டேன் என்று முடிவாயிற்று. லோஞ்சைத் திருப்பினார்கள், தோணிகள் எல்லாம் போயின. வாப்பாவுக்கு நீந்தத் தெரியாது. உடுப்போடு கழுத்தளவு தண்ணீரில் இறங்கி நின்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாராம். உன் அப்பா தான் வேலை செய்யும் துறைமுகக் கந்தோரில் இருந்து பொலிசுக்கு எடுத்த ரெலிபோன் செய்தி இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகுதான் வந்திருக்கிறது. உன் அப்பாவுக்கு எங்கள் வீட்டில் எல்லோரும் துஆச் செய்கிறோம்.

என்னைக் கூட்டிவர வந்தபோது வாப்பாவுக்குக் கோபமே இல்லை. பிரின்சிப்பலின் அறைக்குள் போய் வந்த பிறகுதான் முகம் மாறியது. லோஞ்சில் ஒரே ஒருக்கால் கேட்டார். “நாங்க கடல்ல தேடக்குள்ள நீ நாடகத்துக்கெண்டு நிண்டியா மகள்?” இல்லை என்றேன். “பிரின்சிப்பல் பொய் சொல்லுவாவா?” என்றார். அதற்குப் பிறகு என்னைப் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை, அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. அடிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. நான் கொடுக்கும் தேத்தண்ணீரைக் குடிக்கிறார், என் முகத்தைப் பார்ப்பதில்லை.

நான் சொன்னால் எடுபடாது. நீ சொன்னால் பிரின்சிப்பல் நம்புவார், அவர் சொன்னால் வாப்பா நம்புவார். நாம் எழுதும் டிசெம்பர் சோதனைக்குப் பள்ளிக்கூடம் பெயர் அனுப்பும் கடைசி நாள் ஜூலை முப்பத்தொன்று. அதற்குள் நான் வந்தாக வேண்டும். நீ செவ்வாய்க்கிழமை சொல்லியிருப்பாய் என்று நினைத்துக்கொண்டு தினமும் தபாலைப் பார்க்கிறேன். சரித்திரக் குறிப்பையும் அனுப்பு, ஒல்லாந்தர் காலத்தோடு நான் நிற்கிறேன்.

உன்னை மறவாத,
அசனா

*

சிவமயம்

திருகோணமலை.
26.06.1963

என் அசனா,

உன் வாப்பா தண்ணீரில் நின்றதை வாசித்துவிட்டுக் குசினிக்குள் போய் அழுதேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தது வசதியாகப் போயிற்று.

சொல்லவில்லை, அசனா. இதை எப்படிச் சுற்றி எழுதினாலும் அதுதான். நான் சொல்ல இருந்த அந்தச் செவ்வாய்க்கிழமை அசெம்பிளியில், ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு முன்னால், பிரின்சிப்பல் என் பெயரைக் கூப்பிட்டார். இந்த வருடத் தலைமை மாணவ முதல்வி நான்தானாம். சின்னத்தைத் தன் கையால் என் தாவணியில் குத்திவிட்டு, “உண்மையாய் நடக்கிற பிள்ளை எண்டுதான் உன்னை எடுத்தனான்” என்று காதுக்குள் சொன்னார். அந்த ஊசி என் தோலில் குத்தியிருந்தால்கூட இவ்வளவு வலித்திராது. அதற்குப் பிறகு அவர் அறைக்குள் போய் எந்த வாயால் சொல்வது?

அப்பா கந்தோர் முழுக்கச் சொல்லிவிட்டார். அம்மா கோயிலில் பொங்கல் வைத்தார். எதிர்வீட்டுக் குணரத்தினம் மாமா கண்ட கண்ட இடத்தில் ‘வாங்கோ லீடர்’ என்கிறார். சின்னம் குத்திய மாதத்திலேயே கழற்றினால் இவர்கள் எல்லோரும் ஏன் என்று கேட்பார்கள். எனக்கு ஒரு இரண்டு கிழமை தா. அது பழகிப் போய் எல்லோரும் மறந்த பிறகு மெல்லச் சொல்லிவிடுவேன்.

இன்னொன்று. மந்திரி வேஷம் என்னிடம் வந்திருக்கிறது. நாடக ரீச்சர் கேட்டார், வசனம் பாடமாக இருக்கிறவள் நான் ஒருத்திதான். மாட்டேன் என்று சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், தலை தானாக ஆடிவிட்டது. அரசனின் முகத்துக்கு நேரே உண்மை பேசுகிற மந்திரியாம். நீ சிரிப்பாய் என்று எனக்குத் தெரியும். சிரி.

சரித்திரக் குறிப்பு இத்துடன் வருகிறது. என் எழுத்து கோழி கிளறினதுபோல் இருக்கும், பொறுத்துக்கொள்.

உன்
இரத்தினேஸ்வரி

*

786

மூதூர்.
02.07.1963

அன்புள்ள இரத்தினேஸ்வரி,

சின்னம் கிடைத்தது சந்தோஷம். பொய்யாக எழுதவில்லை. அது உனக்கு வரும் என்று நான் போன வருடமே சொன்னேன், பந்தயமாக எனக்குச் சாப்பிட ஒரு பணிஸ் வாங்கித் தரவேண்டியவள் நீ.

வேஷம் போடு. யாராவது போடத்தான் வேண்டும். மூன்றாம் காட்சியில் “அரசே, குற்றம் கோட்டைக்கு வெளியே இல்லை” என்ற இடத்தில் நீ எப்போதும் கத்துவாய். கத்தாதே. குரலைக் குறைத்தால்தான் கடைசி வரிசைவரை அமைதி வரும். மீசையை ஒட்டமுன் முகத்தில் பவுடர் போடாதே, கழன்று விழும். முதல் ஒத்திகையில் என் மீசை அரசனின் மடியில் விழுந்தது ஞாபகம் இருக்கிறதா?

இரண்டு கிழமை கேட்டாய். எடுத்துக்கொள். நானே பிரின்சிப்பலுக்கு எழுதலாம் என்று ஒரு இரவு முழுக்க யோசித்தேன். எழுதினால் அது உன் சொல்லுக்கு எதிரே என் சொல். தலைமை மாணவ முதல்வியின் சொல்லை விட்டுவிட்டு, வீட்டாரை ஏமாற்றிவிட்டு நின்றவள் என்று பெயரெடுத்தவளின் சொல்லை யார் எடுப்பார்கள்? ஒருவேளை எடுத்தாலும், நான் உன்னைக் காட்டிக் கொடுத்ததாகிவிடும். அது எனக்கு வேண்டாம். நீயாகச் சொன்னதாக இருக்கட்டும்.

உம்மா என் வெள்ளை யூனிபோமை ஒவ்வொரு ஞாயிறும் தோய்த்துக் காயவைத்து மடித்து அலுமாரியில் வைக்கிறா. யாரும் உடுக்காத உடுப்பை ஏன் தோய்க்கிறீர்கள் என்று கேட்டேன். “தூசி படும் மகள்” என்கிறா. வாப்பா அதைக் கண்டும் காணாதவர்போல் போகிறார். ஆனால் ஒருநாளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் மனம் முழுக்க அடைபட்டுப் போகவில்லை என்று அதில் இருந்துதான் எனக்கு ஒரு நம்பிக்கை.

முப்பத்தொன்றை மறந்துவிடாதே. எனக்கு அது ஒன்றுதான்.

அசனா

*

சிவமயம்

திருகோணமலை.
21.07.1963

அசனா,

போட்டியில் நம் நாடகம் முதலிடம். மாவட்டத்துப் பள்ளிக்கூடங்கள் எல்லாம் வந்திருந்தன. நீ சொன்னதுபோல் குரலைக் குறைத்தேன், மண்டபத்தில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை. திரை விழுந்ததும் பிரின்சிப்பல் மேடைக்கு ஏறி வந்து ஒட்டு மீசையோடு நின்ற என்னைக் கட்டிப்பிடித்தார். சிறந்த நடிப்புக்கு ஒரு சின்ன வெள்ளிக் கிண்ணம் தந்தார்கள். அதில் என் பெயர் வெட்டியிருக்கிறது. அலுமாரிக்குள் அதைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறேன். அம்மா துடைத்துவிட்டு மறுபடியும் முன்பக்கமாகத் திருப்பி வைக்கிறார். எங்கள் வீட்டில் இதுதான் இப்போது தினசரி வேலை.

நான் ஒரு கோழை. திங்கட்கிழமை உண்மையாகவே போனேன். கதவைத் தட்டினேன், உள்ளே வரச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “என்ன பிள்ளை?” என்றார். என் வாயில் இருந்து வந்தது என்ன தெரியுமா? “போர்டிலை எழுதச் சோக் வேணும் ரீச்சர்.” ஒரு பெட்டி சோக்கட்டியோடு வெளியே வந்தேன். புதன்கிழமை மறுபடி போனேன், இன்னொரு பெட்டி. நம் வகுப்பில் இப்போது இரண்டு வருடத்துக்குப் போதுமான சோக் இருக்கிறது. உன்னைச் சிரிக்க வைக்க எழுதவில்லை. எழுதிவிட்டுப் பார்த்தால் எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

உன் வாங்கு காலியாக இருக்கிறது. யாரும் இருக்கக் கூடாது என்று என் சாப்பாட்டுப் பையை அதில் வைத்திருக்கிறேன். ஒருத்தியும் கிட்டப் போவதில்லை. நம் வகுப்பு வழக்கம்.

இன்னும் பத்து நாள் இருக்கிறது. சொல்லிவிடுவேன். என்னை நம்பு என்று கேட்க எனக்கு முகமில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

இரத்தினேஸ்வரி

*

சிவமயம்

திருகோணமலை.
05.08.1963

அசனா,

நீ போன கடிதத்துக்குப் பதில் போடவில்லை. போட்டிருந்தால் அந்த எழுத்தைப் பார்த்தாவது நேரத்துக்குச் சொல்லியிருப்பேனோ என்று யோசித்தேன். பார், இதிலும் உன் தலையில் கட்டப் பார்க்கிறேன்.

சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை. ஓகஸ்ட் இரண்டாம் திகதி.

ஓம், பெயர்கள் புதன்கிழமையே போய்விட்டன. போன பிறகுதான் எனக்கு வாய் திறந்தது. புதன்கிழமை பின்னேரம் பள்ளிக்கூடக் கந்தோர் வாசலில் பெயர்கள் போகும் பெரிய உறைக்குப் பியோன் அரக்கு வைத்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஓடிப் போய் நிறுத்தியிருக்கலாம். காலில் ஒரு தடையும் இருக்கவில்லை.

பிரின்சிப்பல் முழுவதையும் கேட்டார். நான் சின்னத்தைக் கழற்றி மேசையில் வைத்தேன். அதைத் திரும்ப என் பக்கம் தள்ளினார். “கழற்ற வேண்டாம். டிசெம்பர் முடியிற மட்டும் குத்திக்கொண்டு வா” என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, “நானும் அந்த மனுசனிட்டை விசாரியாமல் சொன்னனான்” என்றார். அவர் குரல் அப்படி உடைந்து நான் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது தினமும் அசெம்பிளியில் சின்னத்தோடு முன்னுக்கு நிற்கிறேன். பிள்ளைகள் வணக்கம் சொல்லும்போதெல்லாம் எங்கேயாவது ஒளிக்க வேண்டும்போல் இருக்கிறது.

வருகிற சனிக்கிழமை காலை லோஞ்சில் அவர் மூதூருக்கு வருகிறார். உன் வாப்பாவிடம் தானே நேரில் சொல்லப் போகிறாராம். நானும் கூட வருகிறேன். உன் வாப்பாவுக்கு முன்னால் நின்று, நான்தான் என்று என் வாயால் சொல்ல வேண்டும். பை ஒன்று கட்டி வைத்துவிட்டேன். விட்டுப்போன குறிப்புகள் எல்லாம், உம்மாவுக்கு அம்மா செய்த பனங்காய்ப் பணியாரம், அந்த வெள்ளிக் கிண்ணம். கிண்ணம் உன்னுடையது. பெயரைத்தான் மாற்ற ஏலாது.

சனிக்கிழமை ஜெட்டிக்கு வருவாயா? வராவிட்டாலும் பரவாயில்லை, நான் உங்கள் வீட்டுக்கு வருவேன்.

இரத்தினேஸ்வரி

*

786

மூதூர்.
12.08.1963

அன்புள்ள இரத்தினேஸ்வரி,

சனிக்கிழமை நான் ஜெட்டிக்கு வந்தேன். வாப்பாவும் வந்தார். என்னைக் கூட்டி வந்த நாளுக்குப் பிறகு அவர் ஜெட்டிப் பக்கம் போனது அதுதான் முதல் தடவை. உன் சிநேகிதி வருகிறாளாம், மரியாதையாகக் கூட்டி வரவேண்டும் என்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். உம்மா நெய்ச்சோறு ஆக்கி வைத்திருந்தா.

பிரின்சிப்பல் இறங்கினார். பின்னால் முஹம்மது தம்பி காக்கா உன் பையைத் தூக்கிக்கொண்டு வந்து வாப்பாவின் கையில் கொடுத்தார். வாப்பா திரைப் பக்கம் பார்த்துக்கொண்டே நின்றார். பெண்கள் எல்லோரும் இறங்கி முடித்துவிட்டார்கள்.

“பை வந்திருக்கு, புள்ள எங்க?” என்று கேட்டார்.

அவர் எதையும் நினைத்துக் கேட்கவில்லை, இரத்தினேஸ்வரி. வாயில் தானாக வந்தது. கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவருக்கே விளங்கியது. பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். நான் அவர் கையைப் பிடித்தேன். இரண்டு மாதத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தார். நீ ஜெட்டிவரை வந்து, பையை ஏற்றிவிட்டு, லோஞ்ச் வெளிக்கிடும் நேரம் தலையிடி என்று திரும்பிப் போனதைப் பிரின்சிப்பல் சொன்னார். உனக்காக அவரே கூச்சப்பட்டார்.

வீட்டில் பிரின்சிப்பல் எல்லாவற்றையும் சொன்னார். தானும் பிழை விட்டதாகச் சொல்லி வாப்பாவிடம் மன்னிப்புக் கேட்டார். வாப்பா அழுதுவிட்டார். என்னைப் பார்த்து, “நான் உன்னட்டக் கேட்டிருக்க வேணும் மகள்” என்றார். கேட்டவர்தான், நான் சொன்னதை எடுக்கவில்லை, அவ்வளவுதான். இந்த வருடச் சோதனை போனது போனதுதான். பிரின்சிப்பல் கொழும்புக்கு எழுதிப் பார்த்தாராம், ஏலாது என்று விட்டார்களாம். ஜனவரியில் நான் திரும்ப வருகிறேன். இப்போது எனக்குக் கீழ் வகுப்பில் இருக்கிற பிள்ளைகளோடு இருந்து படிப்பேன். வாப்பா சம்மதித்துவிட்டார். லோஞ்சில் என்னோடு தானும் வந்து பள்ளிக்கூட வாசலில் விடுவதாகச் சொல்கிறார். அவருக்கு இனி அந்தப் பயம் போகாது.

நீ பொய் சொன்னதை நான் முதல் கடிதத்திலேயே மன்னித்துவிட்டேன். உனக்கு அது தெரிய வேண்டும் என்றுதான் மீசையைப் பற்றியெல்லாம் எழுதினேன். பிந்திச் சொன்னதையும் மன்னித்திருப்பேன். ஒரு வருடம் என்ன, போய்விடும். சனிக்கிழமை வாப்பா அந்தப் பையோடு நின்றதை மட்டும் என்னால் மறக்க ஏலாமல் இருக்கிறது. எவ்வளவோ முயன்று பார்த்தேன். உன் நல்ல குணங்களை எல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன், நிறைய இருக்கின்றன. ஒவ்வொன்றின் முடிவிலும் அவர் அங்கேயே நிற்கிறார்.

பணியாரத்தை எல்லோரும் சாப்பிட்டோம். உன் அம்மாவுக்கு உம்மாவின் ஸலாம். குறிப்புகளை வைத்துக்கொள்கிறேன், அடுத்த வருடம் உதவும். கிண்ணத்தை வைத்துக்கொள்ள மாட்டேன். மந்திரி வேஷம் போட்டது நீ, நன்றாகத்தான் போட்டிருப்பாய்.

டிசெம்பர் சோதனையை நன்றாக எழுது. இதை மனதாரச் சொல்கிறேன். நான் ஜனவரியில் வரும்போது நீ பள்ளிக்கூடத்தை விட்டுப் போயிருப்பாய். அது இரண்டு பேருக்கும் நல்லது.

கிண்ணத்தை உன் பைக்குள் வைத்து வருகிற சனிக்கிழமை காலை லோஞ்சில் முஹம்மது தம்பி காக்காவிடம் கொடுத்து விடுகிறேன். வாசலடி வாங்கில் இருக்கும். ஜெட்டிக்கு வந்து எடுத்துக்கொள். பையைக் கண்டுவிட்டு நானும் வந்திருப்பேன் என்று திரைக்குள்ளே தேட வேண்டாம்.

அசனா ஸெய்னுதீன்